காவலூர் வானமும் மூன்று நிமிடத் தோடியும்

மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று கொடுங்க சார் என்று மாணவத் தம்பிகள் கேட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் 'வினைல்' தட்டுகளைத் தேடி வாங்குகிறார்களாமே, அதையே எழுதுகிறேன்.

எங்கள் ஜவ்வாது மலைப் பக்கம் அதற்கு ரெக்கார்டு என்றுதான் பெயர். திருவிழா என்றால் கீழேயிருந்து மைக் செட் வரும். முதலில் நாதஸ்வரம், பிறகு சினிமாப் பாட்டு, ராத்திரியானால் 'திருவிளையாடல்' (1965) கதை வசனம். தருமி நாகேஷின் புலம்பல் எங்களுக்குப் பாடத்தைவிட நன்றாக மனப்பாடம்! கேசட் வந்ததும் அந்தத் தட்டுகளெல்லாம் எடைக்குப் போய்விட்டன.

பழைய 78 சுற்றுத் தட்டு வினைல் அல்ல, அரக்கு. ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் வாசித்தவர். தட்டுக்காக அதைச் சில நிமிடங்களில் அடக்க வேண்டியிருந்தது. அவர் 1956-ல் மறைந்தார். கோயில் வாசல்களில் விடிய விடிய வாசித்ததெல்லாம் காற்றோடு போச்சு; பிற்காலத்தார் அவரை அறிந்தது பெரும்பாலும் தட்டு வழியாகத்தான். நான் முதலில் சிபாரிசு செய்வது அந்தத் தோடியைத்தான்.

1948-ல் அமெரிக்காவில் எல்.பி. வந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். எம்.எஸ். அம்மாவின் வேங்கடேச சுப்ரபாதம் (1963) வீட்டுக்கு வீடு நுழைந்ததற்கு அந்த நீளமும் ஒரு காரணம். மூன்று நிமிடத்துக்கொரு முறை எழுந்து போய்த் தட்டு மாற்றினால் பக்தி எங்கே நிற்கும்?

இனி நம்ம காவலூருக்கு வருகிறேன். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் நிகழ்ச்சியை இங்குள்ள 102 செ.மீ. தொலைநோக்கியில் கவனித்தார்கள். நட்சத்திரத்தின் ஒளி இடையில் சட்டென்று மங்கியது. வெளிநாட்டு விஞ்ஞானிகளும் அன்றே அப்படிப் பல மங்கல்களைக் கண்டார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று தெரிந்தது அப்படித்தான்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 20-ல் வாயேஜர் 2 கிளம்பியது. அதில் தங்கமுலாம் பூசிய செம்பு இசைத்தட்டு ஒன்று இருக்கிறது. அதிலே கேசர்பாய் கேர்கர் பைரவி ராகத்தில் பாடிய பாட்டு, சுமார் மூன்றரை நிமிடம். இந்துஸ்தானி பைரவியின் அடிப்படைச் சுரங்கள் நம் தோடியின் சுரங்களே! பாணி வேறு, கமகம் வேறு. சுர வரிசை ஒன்றுதான். தட்டு புறப்பட்டு ஒரு மாதம் ஆவதற்குள், செப்டம்பர் 16-ல், அந்த அம்மாள் காலமானார்.

1986 ஜனவரி 6-ல் பிரதமர் ராஜீவ் காந்தி காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்துவைத்தார். ஜனவரி 24-ல் வாயேஜர் 2, அந்தத் தட்டோடு, யுரேனஸைக் கடந்தது. இப்போது 2,000 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த 1986-ல்தான் இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' வந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்தது, வயலின் வி.எஸ். நரசிம்மன். எல்.பி.யாகக் கிடைத்தால் விடாதீங்க.

தாத்தா வீட்டுப் பரணில் 78 தட்டு கிடைத்தால் ஒரு விஷயம். எல்.பி. ஊசியை அதில் வைக்கக் கூடாது. அதன் வரித்தடம் அகலம், தனி ஊசி வேண்டும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவும் கூடாது, அரக்கு கரைந்துவிடும். கொஞ்சம் ஈரத்துணி போதும். நடுவில் ஒட்டிய லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்க. பாடினவர் யாரென்பது அதில்தான் இருக்கும்.