எர்லிக்கின் ஆடுகள்

போன மாதம் அக்கா தன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். ஆன்டி டி.பி.ஓ. என்ற வரிக்கு எதிரே இருந்த எண், இருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு அதிகம். கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "ஹாஷிமோட்டோவாம்டா. என் உடம்பே என் தைராய்டைத் திங்குதாம். அதெப்படிடா?"

பதில் தேடிப் போன இடத்தில்தான் தெரிந்தது, இந்தக் கேள்வியை மருத்துவ உலகமே அரை நூற்றாண்டு தள்ளிப்போட்டிருக்கிறது என்று.

1900 வாக்கில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பால் எர்லிக் ஆடுகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். ஓர் ஆட்டின் ரத்தத்தை இன்னோர் ஆட்டுக்குச் செலுத்தினால், அந்த அந்நியச் சிவப்பணுக்களை உடைக்கும் எதிர்ப்பொருளை அது தயாரித்தது. தன் சொந்த அணுக்களைத் தொடவில்லை. தன்னையே தாக்கிக்கொள்வதில் உடலுக்கு ஒரு பீதி இருக்கிறது என்று சொல்லி, அதற்கு 'ஹாரர் ஆட்டோடாக்சிகஸ்' என்று பேர் வைத்தார். பேய்ப்படத் தலைப்பு மாதிரி இல்லை?

அந்தப் பேர்தான் வினையானது. தன்னைத் தாக்கும் எதிர்ப்பொருள் உருவாகவே முடியாது என்று எர்லிக் சொல்லவில்லை. உருவானாலும் அதை அடக்கிவைக்க உடலுக்குள் ஓர் ஏற்பாடு இருக்கவேண்டும் என்றுதான் சொன்னார். ஏற்பாடு என்றால் அது பழுதாகவும் செய்யும், இல்லையா? பின்னால் வந்தவர்களுக்கு இந்த விளக்கமெல்லாம் மறந்துபோய், தலைப்பு மட்டும் மனப்பாடமாக நின்றுவிட்டது.

சாட்சி இல்லாமலும் இல்லை. 1904-லேயே வியன்னாவில் டோனத்தும், ரத்த வகைகளைக் கண்டுபிடித்த லாண்ட்ஸ்டைனரும், குளிர் பட்டால் சிறுநீர் சிவந்துபோகும் நோயை ஆராய்ந்தார்கள். அந்த நோயாளியின் ரத்தத்தைக் குளிரவைத்துப் பிறகு சூடாக்கினால், அவருடைய எதிர்ப்பொருளே அவருடைய சிவப்பணுக்களை உடைத்தது. இதை ஒரு விதிவிலக்காகக் கருதி ஓரங்கட்டிவிட்டார்கள். 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ, நான்கு பெண்களின் தைராய்டுகளில் வெள்ளையணுக்கள் கும்பலாக அடைந்துகிடப்பதைப் பற்றி எழுதினார். அவை அங்கே என்ன செய்கின்றன என்பது அவருக்கே தெரியாது. சொந்த ஊரில் வைத்தியம் பார்த்துவந்தவர், 1934-இல் டைபாய்டில் இறந்துபோனார்.

1950-களில், அமெரிக்காவின் பஃபலோவில் நோயல் ரோஸ் என்ற இளம் ஆய்வாளர் ஒரு முயலின் தைராய்டில் பாதியை வெட்டியெடுத்தார். அதைச் சாறாக்கி, எதிர்ப்பைத் தூண்டும் கலவையோடு அதே முயலுக்குச் செலுத்தினார். முயல் தன் தைராய்டுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் தயாரித்தது. மிச்சப் பாதிக்குள் வெள்ளையணுக்கள் புகுந்து அதைச் சிதைத்தன.

ரோஸின் வழிகாட்டி எர்னஸ்ட் விட்டெப்ஸ்கியால் இதை ஏற்க முடியவில்லை. எர்லிக்கின் சீடரான ஹான்ஸ் சாக்ஸிடம் பயின்றவர் அவர். ஒருவகையில் எர்லிக்கின் பேரன். தாத்தா சொல்லைப் பேரன் லேசில் தட்டுவாரா? திரும்பத் திரும்பச் சோதித்து, முடிவுகள் அச்சேற 1956 ஆனது. அதே வருஷம் லண்டனில் டெபோரா டோனியாக், ஐவன் ராயிட் குழுவினர் ஹாஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்திலேயே தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருளைக் காட்டிவிட்டார்கள். விட்டெப்ஸ்கியை எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. 1957-இல், ஒரு நோயைத் தன்னுடல் தாக்குநோய் என்று நிரூபிக்க என்னென்ன வேண்டும் என்று விதி எழுதியவரும் அவர்தான்.

இதில் எர்லிக் முழுசாகத் தோற்கவும் இல்லை. நம் எல்லோர் உடம்பிலும் நம்மையே குறிவைக்கும் அணுக்கள் பிறக்கின்றன. பெரும்பாலானவற்றை நெஞ்செலும்புக்குப் பின்னாலிருக்கும் தைமஸ் சுரப்பி அழித்துவிடுகிறது. தப்பியவற்றை அடக்கிவைக்கத் தனியாகவே ஒருவகை டி செல்கள் உண்டு. 1995-இல் அவற்றை அடையாளம் காட்டிய ஷிமோன் சகாகுச்சிக்கு 2025-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எர்லிக் ஊகித்த 'ஏற்பாடு' கிட்டத்தட்ட இதுதான். அக்காவுக்கு இந்தக் காவல் எங்கோ தளர்ந்திருக்கிறது.

இதையெல்லாம் ஆறு நிமிஷ வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது.

"கேட்டேன்டா. பாவம், அந்த முயலுக்கு யாராவது தைராய்டு மாத்திரை குடுத்தாங்களா?"