நெய்வேலி நடுவரும் உயர் நீதிமன்ற நீதிபதியும்: நீதிபதிகள் மீதான புகார் விசாரணை வளர்ந்த விதம்

நெய்வேலி நகரியத்தில் 'விஜிலென்ஸ்' என்ற சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஆண்டுதோறும் அக்டோபர் கடைசியில், வல்லபபாய் படேல் பிறந்தநாளை ஒட்டி ஊழல் கண்காணிப்பு விழிப்புணர்வு வாரம் வரும். உறுதிமொழி எடுப்பார்கள், பதாகை கட்டுவார்கள். நெய்வேலியின் பொதுத்துறைச் சுரங்க நிறுவனமான என்எல்சியின் அதிகாரி ஒருவர் மீது புகார் என்றால் அது தலைமைக் கண்காணிப்பு அலுவலரிடம் போகும். அவரை அமர்த்துவது மத்திய அரசு. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் ஆலோசனை இல்லாமல் அந்த நியமனம் நடவாது. நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து உட்கார வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் சாரம்.

அதே நகரியத்தில் மாவட்ட உரிமையியல் மற்றும் நீதித்துறை நடுவர் நீதிமன்றமும் இருக்கிறது. அங்கே அமர்ந்திருப்பவர் மீது புகார் சொல்ல வேண்டுமானால் யாரிடம் போவது? அவருக்கு மேலே, சென்னையிலோ டெல்லியிலோ அமர்ந்திருப்பவர் மீது என்றால்? இவ்விரு கேள்விகளுக்கும் விடைகள் ஒன்றல்ல. இந்தியாவில் ஒரு நீதிபதியின் நாற்காலி உயர உயர, அவர் மீதான புகாரை விசாரிக்கும் வழி குறுகிக்கொண்டே வந்திருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு எப்படி உருவானது, அதை நிரப்ப எடுத்த முயற்சிகள் எங்கே நின்றன என்பதைத் தமிழ்நாட்டோடு தொடர்புடைய நிகழ்வுகளை வைத்து இக்கட்டுரை பார்க்கிறது.

கீழிலிருந்து தொடங்கலாம். அரசமைப்பின் 235-ஆவது பிரிவு மாவட்ட நீதிமன்றங்களையும் அவற்றுக்குக் கீழுள்ளவற்றையும் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் வைத்தது. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் உரிமையும் அதில் அடக்கம் என்று 1966-ல் மேற்கு வங்க அரசுக்கும் நிருபேந்திரநாத் பாக்சிக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மாநில அரசு தன் விருப்பத்துக்கு ஒரு மாவட்ட நீதிபதியைத் தண்டிக்கும் வழி அத்தோடு அடைபட்டது. நெய்வேலி நடுவர் மீதான புகார் கடலூர் முதன்மை மாவட்ட நீதிபதி வழியாகவோ நேராகவோ சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே விஜிலென்ஸுக்கென்றே ஒரு பதிவாளர் இருக்கிறார். மாவட்டத்தை மேற்பார்க்கும் உயர் நீதிமன்ற நீதிபதியும் இருக்கிறார். விளக்கம் கேட்பது, இடமாற்றம், தற்காலிகப் பணிநீக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் எனப் படிப்படியான நடவடிக்கைகளை உயர் நீதிமன்றம் எடுக்கவோ பரிந்துரைக்கவோ முடியும்.

இதில் ஆபத்தும் உண்டு. வழக்கில் தோற்றவருக்கு நீதிபதி மீது கோபம் வருவது இயல்பு. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்களில் இழப்பீட்டு வழக்குகள் பல்லாண்டு இழுத்தவை. கேட்ட தொகை கிடைக்காதவர் தீர்ப்பைக் குறை சொல்வதற்கும் நீதிபதியைக் குறை சொல்வதற்கும் நடுவே கோடு கிழிக்காமல் போகலாம். தீர்ப்பு தவறு என்றால் மேல்முறையீடு. நடத்தை தவறு என்றால்தான் புகார். மொட்டைக் கடுதாசிகளுக்கு அஞ்சி நடுவர்கள் வேலை செய்ய முடியாது என்று 1988-ல் ஈஸ்வர் சந்த் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் உணர்த்தியது. 2014 அக்டோபரில் இந்தியத் தலைமை நீதிபதி தந்த வழிகாட்டல் இன்னும் கறாரானது. கீழமை நீதிபதி மீதான புகாருடன் பிரமாணப் பத்திரமும் சரிபார்க்கத்தக்க ஆதாரமும் இல்லையென்றால் அதன் மேல் நடவடிக்கை வேண்டாம் என்றது. நியாயமான காப்புதான். ஆனால் பெயர் தெரிந்தால் தன் வழக்கு என்னாகுமோ என்று அஞ்சும் சாதாரணக் கட்சிக்காரருக்கு இது உயரமான படி என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி மேல்தளம். 1862-ல் சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கியபோது அதன் நீதிபதிகள் பிரிட்டிஷ் அரசியின் விருப்பம் உள்ளவரை பதவியில் இருப்பவர்கள். 1701-லேயே இங்கிலாந்து நீதிபதிகளுக்குக் கிடைத்திருந்த பாதுகாப்பு காலனி நீதிபதிகளுக்கு நெடுங்காலம் வரவில்லை. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 220-ஆவது பிரிவுதான் அதை மாற்றியது. தவறான நடத்தை, உடல் அல்லது மன நலிவு என்ற காரணங்களுக்காக, பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு விசாரித்து அறிக்கை தந்த பிறகே ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்க முடியும் என்றானது. விடுதலைக்குப் பின் அந்த விசாரணைப் பொறுப்பு கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்தது.

அந்த வழி ஒருமுறை முழுமையாக வேலையும் செய்தது. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சிவபிரசாத் சின்கா வழக்குக்குப் புறம்பான காரணங்களால் தீர்ப்பளித்தார் என்ற குற்றச்சாட்டைக் கூட்டாட்சி நீதிமன்றம் விசாரித்தது. இரு வழக்குகளில் அது மெய்ப்பட்டதாக அறிக்கை தந்தது. 1949 ஏப்ரலில் அவர் நீக்கப்பட்டார். அப்போது தலைமை ஆளுநர் ராஜாஜி. நீதிபதிகளே விசாரித்து, ஆட்சித் தலைவர் ஆணையிட்டு முடித்த வழி அது. மறு ஆண்டே நடைமுறைக்கு வந்த அரசமைப்பு அதைக் கைவிட்டு, நீக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்திடம் தந்தது. ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை வேண்டும். வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கும் வேண்டும். 1968-ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டம் இதற்கு நடைமுறை வகுத்தது: மக்களவையில் 100 அல்லது மாநிலங்களவையில் 50 கையெழுத்து, பிறகு மூவர் குழு. இந்த முறையில் இறுதிவரை போய் நீக்கப்பட்ட உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதி என்று காட்ட முந்தைய நூற்றாண்டில் ஒருவர்கூட இல்லை. காலனிக் காலச் சட்டம் சாதித்ததைக் குடியரசின் சட்டம் சாதிக்கவில்லை என்பது கசப்பான ஒப்பீடு. இருந்தாலும் 1950-ன் அரசமைப்பு அஞ்சியது வேறொன்றை. ஆட்சியில் இருப்போர் பிடிக்காத நீதிபதியைத் துரத்துவார்களோ என்பதே அந்த அச்சம். 1970-களில் அரசு மூத்த நீதிபதிகளை ஒதுக்கித் தலைமை நீதிபதியை அமர்த்தியதைப் பார்த்தால் அது வீண் அச்சமில்லை.

அந்த எழுபதுகளில்தான் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி கே. வீராசாமி மீது மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. 1976 பிப்ரவரியில் வழக்கு. ஏப்ரலில் அவர் ஓய்வு பெற்றார். 1977 டிசம்பரில் குற்றப்பத்திரிகை. வருமானத்தை மீறி 6,41,416 ரூபாய் சொத்து என்பது குற்றச்சாட்டு. நீதிபதி அரசு ஊழியர் அல்லர், ஊழல் தடுப்புச் சட்டம் தம்மைத் தொடாது என்பது அவர் வாதம். 1991 ஜூலையில் உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு அதை ஏற்கவில்லை. நீதிபதியும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவரே என்ற பெரும்பான்மைத் தீர்ப்பு, கூடவே ஒரு பூட்டையும் போட்டது. இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்காமல் எந்த உயர் நீதிமன்ற நீதிபதி மீதும் குற்ற வழக்குப் பதியக்கூடாது. காவல்துறையின் கையில் நீதிபதிகள் சிக்காமல் இருக்க அது தேவைப்பட்டது. அன்று முதல் குற்ற வழக்கின் வாசலுக்கான சாவியும் நீதித்துறையிடமே வந்து சேர்ந்தது.

அதே ஆண்டில் வீராசாமியின் மருமகன், உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீது பதவிநீக்கத் தீர்மானம் வந்தது. பஞ்சாப்-அரியானா தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசு இல்லத்துக்கு அறைகலன், விரிப்பு வாங்கியதில் முறைகேடு என்பது குற்றச்சாட்டுகளின் மையம். 108 மக்களவை உறுப்பினர்கள் கையெழுத்திட்டார்கள். அவை கலைவதற்கு முந்தைய நாள், 1991 மார்ச் 12 அன்று, சபாநாயகர் ரபி ராய் தீர்மானத்தை ஏற்றார். பி.பி. சாவந்த், பி.டி. தேசாய், ஓ. சின்னப்ப ரெட்டி ஆகியோரின் குழு 14 குற்றச்சாட்டுகளில் 11-ல் அவர் தவறிழைத்ததாகக் கண்டது. 1993 மே 11 அன்று வாக்கெடுப்பு. தீர்மானத்துக்கு ஆதரவு 196, எதிர்ப்பு பூஜ்யம். ஆளுங்கட்சி உள்ளிட்ட 205 பேர் வாக்களிக்காமல் இருந்தார்கள். எதிர்த்து ஒரு குரலும் எழாத தீர்மானம் தோற்றது. நீதிபதிகள் குழு கண்ட உண்மையை அரசியல் கணக்கு தள்ளிவைத்த இந்த நிகழ்வுதான், அதற்குப் பின் வந்த எல்லாச் சீர்திருத்த முயற்சிகளுக்கும் காரணம் என்பது என் கருத்து.

நாடாளுமன்றம் கைவிட்டதை நீதித்துறை தனக்குள் தேடியது. பம்பாய் தலைமை நீதிபதி ஏ.எம். பட்டாச்சார்ஜி தொடர்பான 1995-ஆம் ஆண்டு வழக்கில், நீக்கும் அளவுக்கு நிரூபிக்கப்பட்ட குற்றத்துக்கும் பதவிக்குப் பொருந்தாத நடத்தைக்கும் இடையே பெரிய வெற்றிடம் இருப்பதை உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 1997 மே மாதம் நீதிபதிகளுக்கான நெறிகளை ஏற்றது. 1999 டிசம்பரில் உள்விசாரணை நடைமுறை உருவானது. புகார் தலைமை நீதிபதியிடம் வரும். வெற்றுப் புகார் என்றால் அங்கேயே முடியும். இல்லையென்றால் சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்கப்படும். அதன் பிறகும் ஐயம் நின்றால் வேறு இரு உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகளும் ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியும் விசாரிப்பார்கள். குற்றம் பெரிது என்று தெரிந்தால் விலகச் சொல்வார்கள். மறுத்தால் வழக்குகள் ஒதுக்கப்படா. குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் தகவல் போகும். இந்த நடைமுறையைப் பொதுமக்கள் படிக்கும்படி இணையத்தில் வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் கூறியது 2014 டிசம்பரில்தான். பதினைந்து ஆண்டுகள் புகார் கொடுப்பவருக்கு வழி எதுவென்றே சரியாகத் தெரியாது. விசாரணை அறிக்கையும் அவருக்குக் கிடைக்காது. அது ரகசியம் என்று 2003-ல் இந்திரா ஜெய்சிங் வழக்கில் தீர்ப்பாகியிருந்தது.

நீதிபதி பி.டி. தினகரன் விவகாரத்தில் புகார் ஊரிலிருந்தே கிளம்பியது. திருவள்ளூர் மாவட்டம் காவேரிராஜபுரத்தில் அரசு நிலத்தை வளைத்ததாக, 2009-ல் அவர் பெயர் உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரையானபோது சென்னை வழக்கறிஞர்கள் எழுப்பிய குற்றச்சாட்டு அது. அவர் மறுத்தார். மாநிலங்களவை உறுப்பினர்கள் 75 பேர் கையெழுத்திட, குழு அமைந்தது. அது விசாரணையை முடிக்கும் முன்பே, 2011 ஜூலையில், சிக்கிம் தலைமை நீதிபதியாக இருந்த அவர் பதவி விலகினார். விசாரணையும் நின்றது. அடுத்த மாதம் மாநிலங்களவை 189-க்கு 17 என்ற வாக்கில் நீக்கத் தீர்மானம் நிறைவேற்றிய கொல்கத்தா நீதிபதி சௌமித்ர சென்னும் மக்களவைக்குப் போகுமுன் விலகிக்கொண்டார். குற்றம் உண்டா இல்லையா என்ற முடிவு தெரியாமலே கோப்பு மூடப்படுவது புகார் கொடுத்தவருக்கும் நல்லதல்ல, குற்றமற்றவராக இருக்கக்கூடிய நீதிபதிக்கும் நல்லதல்ல.

நெய்வேலிக்கு மிக அருகில் வரும் நிகழ்வு சி.எஸ். கர்ணனுடையது. அவர் கடலூர் மாவட்டம் விருத்தாசலம் பக்கத்துக் கர்நத்தத்தில் பிறந்தவர். 2009 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். 2011-ல் சக நீதிபதிகள் தம்மைச் சாதி காரணமாக அவமதிப்பதாகத் தேசியத் தாழ்த்தப்பட்டோர் ஆணையத்தில் முறையிட்டார். பிறகு அவரது நடத்தை மீதே சக நீதிபதிகள் முறையிட்டார்கள். மற்றோர் அமர்வு நடக்கும்போது உள்ளே போய்ப் பேசினார். தலைமை நீதிபதியின் ஆணைக்கு எதிராக ஆணையிட்டார். 2016 பிப்ரவரியில் கொல்கத்தாவுக்கு மாற்றப்பட்டபோது அந்த மாற்றத்துக்குத் தாமே தடை விதித்தார். 2017 ஜனவரியில் 20 நீதிபதிகளின் பெயரைக் குறிப்பிட்டு ஊழல் புகாரைப் பிரதமருக்கு அனுப்பினார். பிப்ரவரி 8 அன்று தலைமை நீதிபதி ஜே.எஸ். கேகர் தலைமையிலான எழுவர் அமர்வு அவமதிப்பு நடவடிக்கை தொடங்கி, அவரிடமிருந்து எல்லா வேலையையும் எடுத்துக்கொண்டது. மே 8 அன்று கர்ணன் அந்த நீதிபதிகளுக்கு ஐந்தாண்டுச் சிறை விதித்து ஆணை எழுதினார். மறுநாள் அவருக்கு ஆறு மாதச் சிறை விதித்தது உச்ச நீதிமன்றம். ஜூன் 12-ல் ஓய்வு. 20-ஆம் தேதி கோயம்புத்தூர் அருகே கைது.

கர்ணன் தம் அதிகாரத்தைப் பயன்படுத்திய விதத்துக்கு நியாயம் கற்பிக்க முடியாது. ஆனால் இதில் இரண்டு புகார்கள் இருந்தன என்பது பலர் எழுத்தில் காணாமல் போகிறது. அவர் மீதான புகார் ஒன்று. அவர் கொடுத்த புகார் இன்னொன்று. இரண்டையும் சாட்சிகளோடு, நிதானமாக, வெளியார் நம்பும்படி விசாரித்துச் சொல்ல ஓர் இடம் இல்லை. சாதிப் புகார் 2011-லேயே முறையாக விசாரிக்கப்பட்டு உண்டு அல்லது இல்லை என்று முடிவு சொல்லப்பட்டிருந்தால் அடுத்த ஆறாண்டு எப்படிப் போயிருக்கும் என்ற கேள்வி எழாமல் இல்லை. இறுதியில் கையில் கிடைத்தது அவமதிப்புச் சட்டம். நீதிமன்றத்தின் மாண்பைக் காக்க வந்த கருவி, ஒழுங்கு நடவடிக்கைக்குப் பதிலாகப் பயன்பட்டது. எழுவரில் இருவரான செலமேஸ்வரும் ரஞ்சன் கோகோயும் தனியே எழுதிய பகுதியில், நீக்கத்துக்குக் குறைந்த நடவடிக்கைக்கு ஒரு முறை தேவை என்பதைச் சுட்டினார்கள். நெய்வேலி நடுவருக்கு 235-ஆவது பிரிவின் கீழ் அத்தகைய படிகள் என்றைக்கோ இருந்தன.

சட்டம் இயற்றும் முயற்சி நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2006-ல் தேசிய நீதித்துறைக் குழு அமைக்க ஒரு மசோதா வந்தது. 2010-ன் நீதித்துறை நெறிமுறை மற்றும் பொறுப்புடைமை மசோதா, நீதிபதிகள் மீது யாரும் புகார் தரத்தக்க தேசிய மேற்பார்வைக் குழுவை முன்வைத்தது. அற்பப் புகார் கொடுப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்ற அதன் முதல் வடிவம், புகாரை வரவேற்கிறதா விரட்டுகிறதா என்று சந்தேகிக்க வைத்தது. பின்னர் தண்டனை குறைக்கப்பட்டு 2012 மார்ச்சில் மக்களவையில் நிறைவேறிய அந்த மசோதா 2014-ல் அவையோடு காலாவதியானது. 2017 முதல் 2021 வரை ஐந்தாண்டில் மத்திய அரசின் குறைதீர் தளத்துக்கு நீதித்துறை குறித்து 1,631 புகார்கள் வந்ததாக நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. அவை தலைமை நீதிபதிகளுக்கு அனுப்பப்பட்டன என்பதே அரசு தந்த பதில்.

2025-ல் இரண்டு மாற்றங்கள் எதிரெதிர்த் திசையில் நடந்தன. உயர் நீதிமன்ற நீதிபதிகள் மீதான ஊழல் புகாரைத் தானே விசாரிக்கலாம் என்று ஜனவரியில் லோக்பால் ஆணையிட்டது. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து அதற்குத் தடை விதித்தது. மார்ச்சில் டெல்லி நீதிபதி யஷ்வந்த் வர்மாவின் இல்லத்தில் தீப்பற்றியபோது எரிந்த பணம் கிடந்ததாகப் புகார் எழ, தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா காணொளியையும் கடிதங்களையும் நீதிமன்ற இணையதளத்திலேயே வெளியிட்டார். பணம் தம்முடையதல்ல என்றார் வர்மா. ஆகஸ்ட் 7 அன்று உள்விசாரணை நடைமுறை சட்டப்படி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நாள் கழித்து, 146 உறுப்பினர்கள் கையெழுத்திட்ட தீர்மானத்தை ஏற்று மக்களவைத் தலைவர் ஓம் பிர்லா மூவர் குழு அமைத்தார். அதில் ஒருவர், நெய்வேலி நடுவர் மீதான புகார்களுக்கும் மேலதிகாரியாக அப்போது இருந்த சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி மணீந்திர மோகன் ஸ்ரீவாஸ்தவா.