கிரேவி என்ற ஒரு சொல்

லண்டனில் வாழும் தமிழர்களுக்குச் சவுத்தோல் புதிய இடமன்று. 1950களில் அங்கு குடியேறத் தொடங்கியவர்களுள் பெரும்பாலோர் பஞ்சாபியர். வூல்ஃப் என்ற இறப்பர் தொழிற்சாலை அவர்களைப் பெருமளவில் வேலைக்கு எடுத்தது. பின்னர் ஹீத்ரோ விமான நிலையமும் அவர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் வேலை கொடுத்தது. இயந்திரத்துடன் மல்லுக்கட்ட ஆங்கிலம் தேவைப்படவில்லை. மேற்பார்வையாளருடன் பேசத்தான் தேவைப்பட்டது.

1974 ஆம் ஆண்டில் இதற்கெனத் தேசிய நிலையம் ஒன்று சவுத்தோலில் தோன்றியது. அரச நிதியில், வேலைத்தலத்திலேயே, வேலை நேரத்திலேயே மொழி வகுப்புகள் நடந்தன. அதன் ஆசிரியர்களுடன் இணைந்து உழைத்தவர் ஜோன் கம்பேர்ஸ் என்ற அமெரிக்க மொழியியலாளர். 1922 இல் ஜேர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பி 1939 இல் அமெரிக்கா சேர்ந்தவர். 1950களில் வட இந்தியக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தவர். அகதி ஒருவருக்கே இத்தகைய காது வாய்க்கும் என்று நான் எண்ணுவதுண்டு.

அவர் 1982 இல் வெளியிட்ட நூலில் வரும் ஒரு சம்பவம் மொழியியலாளர் மத்தியில் பிரசித்தமானது. பிரித்தானியாவின் பெரிய விமான நிலையம் ஒன்றின் ஊழியர் சிற்றுண்டிச்சாலையில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தனர். சில நாட்களிலேயே அவர்கள்மீது புகார் எழுந்தது: சிடுசிடுப்பானவர்கள், ஒத்துழைக்காதவர்கள் என்று. அவர்களோ நாளெல்லாம் பேசியது மிகச் சில சொற்களே. இறைச்சி எடுப்பவரிடம் கிரேவி வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஆங்கிலேயப் பெண் குரலை உயர்த்தி, 'கிரேவி?' என்பாள். இவர்கள் குரலைத் தாழ்த்தி, 'கிரேவி' என்றனர். ஆங்கிலேயர் காதில் அது கேள்வியாக விழவில்லை. 'இதோ கிரேவி, எடுத்தால் எடு' என்பது போல விழுந்தது.

நம்மவருக்கு இது எளிதில் விளங்கும். தமிழில் கேள்வியைக் காட்ட இறுதியில் ஓர் ஆகாரமோ ஓகாரமோ போதும்.

இருதரப்புக் குரல்களையும் ஒலிநாடாவில் பதிந்து இருதரப்பாருக்கும் கேட்கச் செய்தார்கள். முதலில் அந்தப் பெண்களுக்கு வேறுபாடே தெரியவில்லை. தாங்கள் கேள்வி கேட்பது அப்படித்தான் என்றனர். மேற்பார்வையாளரோ, அது கேள்வி என்பதையே அப்போதுதான் அறிந்தார். தங்களை ஏன் வெறுப்புடன் நடத்துகிறார்கள் என்று நெடுநாள் குமைந்திருந்த பெண்களுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. அதன்பின் இருபுறத்திலும் முகங்கள் மாறின. இப்பயிற்சியின் சிறப்பாக நான் கருதுவது இதைத்தான்: வகுப்பில் அமர்ந்தது ஒரு தரப்பு மட்டுமன்று.

1979 இல் பிபிசி, 'குறொஸ்ரோக்' என்ற பெயரில் இத்தகைய சம்பவங்களைத் தொலைக்காட்சியில் காட்டியது. விமர்சனமும் வந்தது. நிறவெறியையும் அதிகாரத்தையும் குரலின் ஏற்ற இறக்கமாகச் சுருக்கிவிட்டார்கள் என்றனர் சிலர். இதில் நியாயம் உண்டு. வூல்ஃப் தொழிலாளர்கள் 1965 இல் வேலைநிறுத்தத்தில் இறங்கியது உச்சரிப்புப் பிரச்சினையால் அன்று.

ஆயினும் உச்சரிப்பைச் சிறிய சங்கதி என்று ஒதுக்க இலங்கைத் தமிழரால் இயலாது. 1983 யூலையில் காடையர்கள், வாளியைக் குறிக்கும் 'பல்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி ஆட்களைச் சோதித்தனர். அதன் முதலெழுத்தைச் சிங்களவர்போல அதிர ஒலிக்கத் தெரியாதவர் தமிழர் என்று அகப்பட்டார்.

கம்பேர்ஸ் 2013 இல் காலமானார். இன்று, தொலைபேசி நிலைய ஊழியரின் உச்சரிப்பை உடனுக்குடன் அமெரிக்க உச்சரிப்பாக மாற்றும் மென்பொருள் விற்பனைக்கு வந்திருக்கிறது. மறுமுனையில் இருப்பவர் எதையும் கற்க வேண்டியதில்லை.