இரண்டாம் ஆன்றியின் மண்டைக்குள்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு இரண்டாம் ஆன்றி என்றால் கண்ணில் ஈட்டி பாய்ந்து செத்த அரசன், அவ்வளவுதான். 1559 ஜூன் 30, பாரீஸ். குதிரைப் போட்டியில் மோன்கோமெரியின் ஈட்டி உடைந்து சிம்புகள் அரசன் முகத்தில் ஏறின. அறுவை வைத்தியர் பாரே வந்தார். பிரஸ்ஸல்ஸிலிருந்து வெசாலியசும் வந்தார். ஜூலை 10ஆம் தேதி தூர்நெல் மாளிகையில் உயிர் போய்விட்டது. வயது 40.

பாரே எழுதி வைத்ததுதான் விசேஷம். மண்டை ஓடு உடையவில்லை. அடிபட்டதற்கு எதிர்ப்புறம், பின்மண்டையில், மூளையின் உறைகளுக்கிடையே ரத்தம் தேங்கியிருந்தது. பக்கத்தில் மூளை அழுகத் தொடங்கியிருந்தது. மூளை குலுங்கினால் அதையும் உறையையும் இணைக்கும் மெல்லிய சிரைகள் அறுந்துவிடும் என்கிறது இன்றைய மருத்துவம். காயத்தைச் சுற்றிப் புதிய நுண்குழாய்கள் துளிர்க்கச் சில நாட்களாகும். ரத்த ஓட்டம் சீராக வாரக்கணக்கில் ஆகும். அரசனுக்கேது அந்த அவகாசம்!

ராணி கத்தரீன் அந்த மாளிகையையே இடிக்கச் சொல்லிவிட்டாள். இன்று அங்கே பிளாஸ் தெ வோழ் சதுக்கம் இருக்கிறது.