மன்னார் வளைகுடா: இழுவைமடியும் தூர்வாரும் கப்பலும்



போன வாரம் விடுதி மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு எப்படியோ சேதுக் கால்வாய்க்குப் போனது. "ராமர் பாலம்னு சொல்லி நிறுத்திட்டாங்க, அவ்வளவுதான் கதை" என்றான் ஒரு நண்பன். "அது மட்டும் வந்திருந்தா தூத்துக்குடி சிங்கப்பூர் ஆகியிருக்கும்" என்றான் இன்னொருவன். எங்களோடு மண்டபம் பக்கத்துப் பையன் ஒருவனும் உட்கார்ந்திருந்தான். "எங்க ஊர்ல அதுக்கு முன்னாடியே வேணாம்னுதான் சொன்னாங்க. யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டான்.

அந்த "யாரு கேட்டா?" என்னை ரொம்பவே உறுத்தியது. நான் வரலாற்று மாணவன், ஆனால் இந்தக் கதையில் மீனவர் தரப்பு எனக்குத் தெரியவே தெரியாது. நூலகத்தில் உட்கார்ந்து படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய புகார்

கடலின் அடித்தரையை வலையால் வாரக் கூடாது என்ற எதிர்ப்பு ஏதோ நேற்று வந்த சுற்றுச்சூழல் கோஷம் என்று நினைத்தால் தவறு. 1376-ல், மூன்றாம் எட்வர்டு காலத்து இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் இப்படி ஒரு மனு வந்திருக்கிறது. சிலர் புதிதாக ஒரு கனமான இழுவை வலையைச் செய்திருக்கிறார்கள். அது தரையோடு உரசிப் போகிறது, அடியில் வளர்வதையெல்லாம் அழிக்கிறது, குஞ்சு மீன்களைக்கூட விடுவதில்லை. மனுவின் சாரம் இவ்வளவுதான். 600 வருடங்களுக்கு முன்னால் சொன்ன இதே வாக்கியங்களை இன்றைக்கு ராமநாதபுரம் மாவட்டத்து நாட்டுப்படகு மீனவர் யாரிடம் கேட்டாலும் சொல்வார்.

படித்தவர்கள் எப்போதும் மீனவர் பக்கம் நின்றார்கள் என்றும் சொல்ல முடியாது. தாமஸ் ஹக்ஸ்லி எவ்வளவு பெரிய விஞ்ஞானி! அவர் இருந்த அரசுக் குழு, இழுவை வலையால் மீன்வளத்துக்குக் கேடில்லை என்று 1866-ல் அறிக்கை கொடுத்தது. 1883-ல் அவரே பெரிய கடல் மீன்வளங்கள் தீரவே தீராதவை என்று பேசினார். தீர்ந்துகொண்டே வந்ததைப் பார்த்துத்தான் 1889-ல் ஸ்காட்லாந்தில் கரையிலிருந்து 3 மைலுக்குள் இழுவை வலையைத் தடுத்துச் சட்டம் போட்டார்கள்.

நம் கடலுக்கு மடி வந்த கதை

நம் பக்கம் கடலுக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கம் புதிதல்ல. தூத்துக்குடி முத்துக்குளிப்பு வருடா வருடம் நடந்ததில்லை. பார்களைச் சோதித்து, சிப்பி முதிர்ந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் அரசு அனுமதி கொடுக்கும். இடையில் பல வருடங்கள் சும்மாவே போகும். கடைசியாகக் குளித்தது 1961-ல்.

இழுவைமடி வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. 1952-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி இந்திய-நார்வே திட்டம் கேரளத்தில் நீண்டகரையில் தொடங்கியது. கட்டுமரத்தையும் வள்ளத்தையும் நம்பியிருந்த மீனவர் வாழ்க்கையை உயர்த்த வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அதே காலத்தில் இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்க ஆரம்பித்தது. இறால் இருப்பது கடலின் தரையில். அதைப் பிடிக்கத் தோதான வலை இழுவைமடி. அரசே மானியமும் கடனும் கொடுத்து விசைப்படகுகளைப் பெருக்கியது. தமிழ்நாட்டிலும் இதே கதைதான்.

இந்த மடி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்காக: பை போன்ற வலை, வாய் இரு பக்கமும் விரிந்து நிற்க இரண்டு கனமான பலகைகள், தரையோடு ஒட்டிப் போக அடியில் கனமான கயிறோ சங்கிலியோ. படகு மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும். இறாலோடு சேர்ந்து கடற்புல், பவளத் துண்டு, நண்டுக்குஞ்சு, எதற்கும் ஆகாத பொடிமீன் எல்லாம் வரும். அந்தப் பொடிமீனை ராமேஸ்வரத்தில் சங்காயம் என்பார்கள். அது கோழித்தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகிறது. வளர்ந்தால் நாளைக்கு ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் மீன் அது.

மன்னார் வளைகுடாவில் இது ஏன் அதிகம் வலிக்கிறது என்றால், இங்கே தரைதான் எல்லாம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பார்கள், கடற்புல் படுகைகள். கடற்பசு (அந்தப் பக்கத்தில் ஆவுளியா) உயிர்வாழ்வதே அந்தப் புல்லை மேய்ந்துதான். 1986-ல் இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது.

சட்டம் இருக்கிறது, ஆனால்...

நாட்டுப்படகு மீனவர்கள் சும்மா இருக்கவில்லை. எழுபதுகளிலேயே கரையோரங்களில் மோதல் வெடித்தது. வலை அறுந்தது, படகு எரிந்தது. அதன் விளைவாக வந்ததுதான் 1983-ன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் (சுமார் 5.5 கிலோமீட்டர்) விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு என்று ஓர் ஏற்பாடும் வந்தது. 2001 முதல் 45 நாள் மீன்பிடித் தடைக்காலம், 2017-ல் அது 61 நாள் ஆனது. ரெட்டைமடிக்கும் தடை உண்டு.

காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் பாக் நீரிணை ஒரு குறுகலான, ஆழமில்லாத கடல். இந்தப் பக்கம் 3 மைல் விட்டு, அந்தப் பக்கம் எல்லைக்கோட்டையும் விட்டால் அத்தனை விசைப்படகுக்கும் இடம் எங்கே? அதனால் ஒன்று கரையை நெருங்குவார்கள், இல்லையென்றால் எல்லையைத் தாண்டுவார்கள்.

பூங்காவின் காவலிலும் ஒரு நியாயக் குறை இருக்கிறது. தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்குத்தான் தடை முதலில் உறைத்தது. கையால் பாசி பறிப்பவரைப் பிடிப்பது சுலபம், இரவில் மடி இழுக்கும் படகைப் பிடிப்பது கஷ்டம். பாதுகாப்பு என்று வந்தால் சுமை எளியவர் தலையில் முதலில் விழுகிறது என்பதை நாம் மறக்கக் கூடாது.

சேதுக் கால்வாய்

இப்போது மெஸ் விவாதத்துக்கு வருவோம். 1860-ல் டெய்லர் என்ற கடற்படை அதிகாரி முதலில் சொன்ன யோசனை இது. நூற்றாண்டுக்கும் மேலாகப் பல குழுக்கள், பல வரைபடங்கள். கடைசியில் 2005 ஜூலை 2 அன்று பிரதமர் மன்மோகன் சிங் மதுரையில் தொடங்கி வைத்தார். 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம், மதிப்பீடு 2,427 கோடி ரூபாய். தோண்ட வேண்டிய இடங்கள் முக்கியமாக இரண்டு: ஆதம் பாலமும் பாக் நீரிணையும்.

ராமர் பால வழக்கு பெரிதானது 2007-ல். அந்த வருடம் ஆகஸ்ட் 31 அன்று, பாலத்துக்குச் சேதம் வரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, திட்டத்துக்காகக் கடலோர மாவட்டங்களில் நடந்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் மீனவர்கள் எழுந்து நின்று எதிர்த்திருக்கிறார்கள். என் நண்பன் சொன்னது சரிதான்!

அவர்கள் கேட்டவை எளிய கேள்விகள். தோண்டும் சேற்றை எங்கே கொட்டுவீர்கள்? கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் இறங்காவிட்டால் புல்லும் பவளமும் எப்படிப் பிழைக்கும்? கப்பல் போகும் பாதையில் நாங்கள் எப்படி வலை விரிப்பது? ஒரு தடவை தோண்டினால் முடிந்துவிடுமா? முடியாது. அங்கே நீரோட்டம் மணலை ஓயாமல் கொண்டுவந்து சேர்க்கிறது. பாதை மூட மூடத் தூர்வாரிக்கொண்டே இருக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு, ஆழப்படுத்திய பாதை அலையை உள்ளே இழுத்து வரலாம் என்று நிபுணர் தாட் மூர்த்தியும் எச்சரித்தார்.

பிறகு நடந்தது தெரிந்ததே. விவாதம் ராமர் இருந்தாரா இல்லையா என்று போய்விட்டது. ஒரு பக்கம் பக்தி, மறுபக்கம் பகுத்தறிவு, நடுவில் மீனவனுக்கு மைக் கிடைக்கவில்லை. மாற்று வழியை ஆராய 2008-ல் போட்ட பச்சௌரி குழு, அது பொருளாதாரத்துக்கும் சரிவராது, சுற்றுச்சூழலுக்கும் சரிவராது என்று சொன்னது. கருத்துக்கேட்பில் மீனவர் சொன்னதும் ஏறக்குறைய அதுவேதான். இருந்தும் 2023 ஜனவரியில் திட்டத்தை மறுபடி நிறைவேற்றக் கோரித் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆக, கேள்வி இன்னும் முடியவில்லை.

அக்கரையிலும் தமிழர்தான்

இதை எழுதாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. இலங்கைக் கடற்படை நம் மீனவரைப் பிடிக்கும்போதும் தாக்கும்போதும் நமக்குக் கோபம் வருகிறது. வர வேண்டியதுதான். ஆனால் நம் விசைப்படகுகள் யாருடைய வலையை அறுக்கின்றன? யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர் வலையை. போர்க்காலத்தில் அவர்களால் கடலுக்குப் போகவே முடியவில்லை. 2009-க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கிப் போட்டால், காலையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது.

இரு கரை மீனவரும் 2004-லும் 2010-லும் நேரில் உட்கார்ந்து பேசினார்கள். இழுவைமடியைப் படிப்படியாக விடுவதாக 2010-ல் நம் தரப்பே ஒப்புக்கொண்டது. நடக்கவில்லை. 2017-ல் இலங்கை இழுவைமடியைச் சட்டப்படி முழுவதும் தடை செய்தது. அதே வருடம் இங்கே, பாக் நீரிணையின் 2,000 விசைப்படகுகளை ஆழ்கடல் மீன்பிடிக்கு மாற்றும் திட்டம் தொடங்கியது. படகின் விலையும் கடன் சுமையும் பயமுறுத்தியதால் சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு நல்லது. மடி இழுப்பது நிற்காவிட்டால் அதுவும் இன்னொரு பலகையாகத்தான் நிற்கும்.

என் கருத்து

விசைப்படகில் போகும் கூலித் தொழிலாளி வில்லன் அல்ல. அவருக்கும் கடன், அவருக்கும் பிள்ளைகள். மடியைக் கொடுத்ததும் அரசுதான், மானியம் கொடுத்ததும் அரசுதான். அப்படியானால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் செலவும் அரசுடையதாக இருக்க வேண்டும். உரிமையாளருக்கு மட்டும் இல்லாமல் கூலிக்குப் போகிறவருக்கும் வழி செய்துவிட்டு, காப்பகத்துக்குள் இழுவைமடியையும் தூர்வாரலையும் முழுதாக நிறுத்த வேண்டும்.

1376-ல் மனு போட்டவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் சொன்னது சரி என்று இன்று தெரிகிறது. மண்டபத்திலும் பாம்பனிலும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனவர்கள் சொன்னதைக் கேட்க நாம் இன்னொரு 600 வருடம் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

அடுத்த முறை மெஸ்ஸில் சேது பற்றிப் பேச்சு வந்தால், முதலில் அந்த மண்டபத்து நண்பனைப் பேசச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.