இருபத்தேழு சுற்று

போன வாரம் ஆலன் டூரிங்கை வாசலில் நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். ஜாஸ் இசையமைப்பாளர் டார்ஸி ஜேம்ஸ் ஆர்க்யூவின் பதினெட்டுப் பேர் கொண்ட பேண்டான ‘சீக்ரெட் சொசைட்டி’, 2023 செப்டம்பரில் கொண்டுவந்த ‘டைனமிக் மேக்ஸிமம் டென்ஷன்’ ஆல்பத்தில் டூரிங்குக்காக ‘கோட்பிரேக்கர்’ எப்படிப் பிறந்தது என்பதை இந்த வாரம் சொல்வதாகப் பேச்சு. கட்டடக் கலைஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் ‘டைமாக்ஸியன்’ என்ற ஒட்டுச்சொல்லைப் பிரித்துத்தான் அந்தத் தலைப்பே வந்தது என்பது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். எழுத உட்காரும் முன் அதே ஆல்பத்தின் ‘டென்சைல் கர்வ்ஸ்’ஸைக் கொஞ்சம் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். அது அரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் உருப்படி. அதிலிருந்து நேராக எலிங்டனிடம் போய் விழுந்தேன். டூரிங் மன்னிக்க வேண்டும்.

டியூக் எலிங்டன் 1937-ல் இரண்டு ப்ளூஸ் எழுதினார். ‘டிமினுவெண்டோ இன் ப்ளூ’ படிப்படியாக அடங்கும். ‘கிரெசெண்டோ இன் ப்ளூ’ படிப்படியாக எழும்பும். இரண்டும் ஒரே இசைத்தட்டின் இரண்டு பக்கங்கள். முதல் பக்கம் முடிந்ததும் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். மேடையில் அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது? எலிங்டன் பல வருஷம் பலதையும் வைத்துப் பார்த்தார்.

இப்போது 1956. பெரிய பேண்டுகளுக்குப் போதாத காலம். கவுண்ட் பேஸியே 1950-ல் தன் பேண்டைக் கலைத்துச் சின்னக் குழுவோடு ஓட்டியவர். எலிங்டன் கலைக்கவில்லை. பாட்டுகளின் ராயல்டி பணத்தைக் கொட்டி பேண்டுக்குச் சம்பளம் கொடுத்தார். முந்தின வருஷக் கோடையில் நியூயார்க்கில் ஒரு நீர்விளையாட்டுக் காட்சிக்குப் பின்னணி வாசித்தது அவருடைய குழு. ‘மூட் இண்டிகோ’ எழுதிய மனிதர்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஜூலை 7, சனிக்கிழமை இரவு, நியூபோர்ட் ஜாஸ் விழா. முதலில் மேடையேறியபோது நாலு பேரைக் காணோம். ஒன்றிரண்டு உருப்படியோடு இறங்கி, சுமார் மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். மறுபடி ஏறும்போது நள்ளிரவு நெருங்கிவிட்டது, கூட்டத்தில் ஒரு பகுதி கிளம்பத் தொடங்கியிருந்தது. விழாவுக்கென்றே எழுதி வந்த புதுத் தொகுப்பு பெரிதாக எடுபடவில்லை. எலிங்டன் அந்தப் பழைய ஜோடியை எடுத்தார். நடு இடைவெளியை டெனர் சாக்ஸபோன் பால் கோன்சால்வஸிடம் விட்டார். முடிந்தவரை வாசி என்பதுதான் ஏற்பாடு.

கோன்சால்வஸ் ஒன்றும் நட்சத்திரம் அல்ல. பன்னிரண்டு பன்னிரண்டு பாராக ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்துச் சுற்று. பின்னால் சாம் உட்யார்டின் டிரம்ஸ், ஜிம்மி உட்டின் பேஸ், நடுநடுவே எலிங்டனின் கூச்சல். மேடையோரத்தில் பேஸியின் பழைய டிரம்மர் ஜோ ஜோன்ஸ், ஒரு செய்தித்தாளைச் சுருட்டி மேடை விளிம்பில் தாளம் அடித்துக்கொண்டிருந்தார். பத்திரிகைத் தாள் இதைவிட உருப்படியாகப் பயன்பட்டு நான் கேள்விப்பட்டதில்லை. கறுப்பு உடை அணிந்த ஒரு பெண் தன் இருக்கையை விட்டு எழுந்து ஆடத் தொடங்கினார். ஏழாயிரம் பேரும் எழுந்துவிட்டார்கள். நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீன் பக்கம் நகரும் கூட்டத்தை நினைத்துக்கொண்டேன். அங்கே கிளம்பிப் போனவர்கள் திரும்பி ஓடி வந்தார்கள். கலவரம் ஆகிவிடுமோ என்று பயந்து, விழா நடத்திய ஜார்ஜ் வைன் முடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். அவரை நான் வில்லன் ஆக்கமாட்டேன், பொறுப்பு அவருடையது. எலிங்டன் சட்டை செய்யவில்லை.

இருபத்தேழு சுற்று. கணக்குப் போட்டால் 324 பார். அடுத்த மாதம் ‘டைம்’ இதழின் அட்டையில் எலிங்டன் முகம்.

வில்லன் வேறு இடத்தில் இருக்கிறார். கோன்சால்வஸ் அன்று, கச்சேரியைப் பதிவு செய்த கொலம்பியா கம்பெனியின் மைக்கை விட்டு, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில் வாசித்துவிட்டார். கொலம்பியா வெளியிட்ட ஆல்பத்தில் அவர் எங்கோ தூரத்தில் கேட்பது அதனால்தான். அதையாவது பொறுக்கலாம். மற்ற பகுதிகளில் பெரும்பாலானதை ஸ்டூடியோவில் திரும்ப வாசிக்கவைத்து, கைத்தட்டலை ஒட்டி, நேரடிக் கச்சேரி என்று விற்றார்கள். உண்மைக் கைத்தட்டலே மலைபோல் கிடைத்த இரவுக்கு டப்பாக் கைத்தட்டல்! வானொலியின் நாடா கிடைத்து, இரண்டையும் இணைத்துச் சரியான பதிப்பு வர 1999 ஆனது.

‘டென்சைல் கர்வ்ஸ்’ஸில் ஆர்க்யூ பிடித்துக்கொண்டது எலிங்டனின் இந்த ஜோடியைத்தான். கோன்சால்வஸை நகலெடுக்கும் அசட்டுத்தனம் அவரிடம் இல்லை. அடங்குவதற்கும் எழும்புவதற்கும் நடுவில் ஒரு பேண்ட் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்றுதான் பார்க்கிறார். என் கணக்கில் அவருடைய ஆல்பத்தின் உச்சம் இந்த உருப்படிதான், ‘கோட்பிரேக்கர்’ அல்ல. டூரிங் ரசிகர்கள் கடிதம் எழுதலாம்.

1974 மே மாதம் கோன்சால்வஸ் லண்டனில் இறந்தார். நியூயார்க் ஆஸ்பத்திரியில் கிடந்த எலிங்டனிடம் அதைச் சொல்லவில்லை. மே 24 அன்று அவரும் போய்விட்டார்.

டூரிங் அடுத்த வாரம் நிச்சயம். அதற்குள் அந்த 1999 பதிப்பை ஹெட்போன் மாட்டி ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.