ஊற்று நின்ற 144 நாட்கள்

ஒரு ஊற்று வற்றினால் இப்போதெல்லாம் உடனே "காலநிலை மாற்றம்" என்று சொல்லிவிடுகிறோம். இருக்கலாம். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? இந்தக் கேள்வியோடு படிக்க ஆரம்பித்தபோது மாட்டியதுதான் கோமல் ஊற்றின் கதை.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ பிரான்ஃபெல்ஸ் என்ற ஊரில் இருக்கிறது கோமல். மழைநீர் ஆற்றுப் படுகைகளில் உள்ள விரிசல்கள் வழியாகச் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, பூமிக்கடியிலேயே பயணித்து, இங்கே வெளியே வருகிறது. சராசரியாக விநாடிக்குச் சுமார் 8,000 லிட்டர்!

1956 ஜூன் 13 அன்று அது நின்றது. நவம்பர் 3 வரை, 144 நாட்கள், ஒரு சொட்டு வரவில்லை. இரண்டு அங்குலம்கூட வளராத ஃபவுண்டன் டார்ட்டர் என்ற மீன் அங்கே அழிந்தே போனது. 1970களில் பக்கத்து சான் மார்க்கோஸ் ஆற்றிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள்.

காரணம் என்ன? வறட்சி. 1950களில் டெக்சாஸ் கண்டது வரலாறு காணாத வறட்சி. கணக்கு இல்லாமல் இருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையிடம், பாறைக்குள் ஆண்டுக்கு எவ்வளவு நீர் இறங்குகிறது என்ற கணக்கு 1934 முதல் இருந்தது. வழக்கமாக இறங்குவது சுமார் 30 டிஎம்சி. 1956-இல் இறங்கியது வெறும் 1.9 டிஎம்சி. அதே ஆண்டு கிணறுகள் வழியாக எடுத்தது சுமார் 14 டிஎம்சி. வரவைப் போல ஏழு மடங்கு செலவு. வானமும் பொய்த்தது, நாமும் உறிஞ்சினோம். இரண்டும் சேர்ந்துதான் ஊற்றை நிறுத்தின.

இந்த எண்கள் சும்மா கிடக்கவில்லை. அழியும் உயிரினங்களைக் காக்கக் கோரி 1991-இல் சியரா கிளப் வழக்குப் போட்டது. 1993-இல் தீர்ப்பு வந்தது, எட்வர்ட்ஸ் நீரகத்துக்கென்று ஓர் ஆணையமும் உருவானது. இன்று சான் அன்டோனியோவில் ஜே-17 என்ற கிணற்றின் பத்து நாள் சராசரி மட்டம், கடல் மட்டத்துக்கு மேல் 660 அடிக்குக் கீழே போனால், நீர் எடுப்பதைக் குறைக்க வேண்டும். 1956க்குப் பிறகு எத்தனையோ வறட்சி வந்தும் கோமல் முழுதாக நின்றதில்லை.

இனி வெப்பம் கூடும். அதே அளவு மழை பெய்தாலும் ஆவியாகிப் போவது அதிகம், பாறைக்குள் இறங்குவது குறைவு. ஊற்றை மட்டும் அளந்தால் "குறைஞ்சிருக்கு" என்று தெரியும், ஏன் என்று தெரியாது. மழை, கிணறு, ஊற்று மூன்றையும் சேர்த்துப் பல பத்தாண்டுகள் எழுதி வைத்தால்தான் வெப்பத்தின் பங்கு எது, பம்ப்செட்டின் பங்கு எது என்று பிரிக்க முடியும்.

எங்கள் தொழிலில் சொல்வோம், சர்வர் விழுந்த பிறகு லாகை ஆன் பண்ணி பிரயோஜனம் இல்லை. நம்மூர்ச் சுனைகளுக்கும் அதேதான். பெரிய கருவிகூட வேண்டாம். ஒரு வாளி, செல்போனில் ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு. பத்து லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆச்சுன்னு வாராவாரம் எழுதினால் போதும். ஆனால் ஊற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும்.